காட்டு உறவினங்களிலிருந்து நோய் எதிர்ப்பைப் பயிருக்குள் கொண்டுவருவது எப்படி? நெல், கோதுமை முதலான தானியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டு நெல்லை முதன்முதலாக வளர்ப்பவர்கள் அநேகமாக ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கதிர் முழுதாகப் பழுக்கட்டும், பிறகு அறுக்கலாம் என்று காத்திருப்பார்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கதிரில் காம்பு மட்டும் நிற்கும். மணியெல்லாம் தரையில் கிடக்கும். நானும் அப்படி ஒரு பருவத்தை முழுதாக இழந்திருக்கிறேன். உதிர்ந்த விதையும் சும்மா இருக்கவில்லை. அடுத்த இரண்டு வருடம் அதே தொட்டிகளில் களையாக முளைத்து என்னைப் பழிவாங்கியது.

அந்தச் செடிகளின் குணமே அதுதான். உதிரும், சாயும், நீளமாக மீசை விடும், மணி சிறுத்திருக்கும், விதை மாதக்கணக்கில் உறங்கும். பல ஆயிரம் ஆண்டுகளாக உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கிக் கழித்த குணங்கள் எல்லாம் அவற்றில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கழிப்பில் கூடவே போய்விட்ட நோய் எதிர்ப்பும் அங்கேதான் இருக்கிறது. நமக்கு வேண்டியது அவற்றின் குரோமோசோமில் அந்த எதிர்ப்பு இருக்கும் ஒரு சிறு துண்டு. புதிதாக இறங்குபவர்கள் எதிர்ப்புள்ள செடியைக் கண்டுபிடித்ததுமே வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். என் கணக்கில் அது கால் பங்கு வேலை. மீதி முக்கால் பங்கும் அந்தத் துண்டை நறுக்கிச் சிறிதாக்குவதிலும், நறுக்கியதைத் தனியே வயலுக்கு அனுப்பாமல் இருப்பதிலும் இருக்கிறது. கீழே வரும் படிகளின் நீளம் ஏறுமாறாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

படி 1: காட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. பயிரின் சொந்த ரகங்களிலும் நாட்டு ரகங்களிலும் எதிர்ப்பு கிடைத்தால் காட்டு இனத்தைத் தொடவே வேண்டாம். வாற்கோதுமையின் சாம்பல் நோய்க்கு எதிரான எம்எல்ஓ எதிர்ப்பு எத்தியோப்பிய நாட்டு ரகங்களிலேயே இருந்தது. 1979 முதல் அது ஐரோப்பிய ரகங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்தும் தாக்குப்பிடிக்கிறது. இப்படி ஒன்று கையில் இருக்கும்போது காட்டுப் புல்லோடு பத்து வருடம் மல்லுக்கட்டுவது வீம்பு.

போகத்தான் வேண்டும் என்ற நிலையும் வரும். 1970-களின் தொடக்கத்தில் புகையான் பரப்பும் புல்குட்டை வைரஸ் ஆசிய நெல் வயல்களில் பரவியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. பயிர் நெல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரி தேறியது. அந்த நிறுவனத்தின் குர்தேவ் குஷ் குழுவினர் அதன் எதிர்ப்பைப் பின்கலப்பு (கலப்புச் சந்ததியைத் திரும்பத் திரும்பப் பயிரோடு கலப்பது) வழியாகப் பயிருக்குள் கொண்டுவந்தார்கள். 1976-இல் வந்த ஐஆர்36 ரகத்தில் இருப்பது அதுதான். அந்த ரகம் பின்னர் உலகில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட நெல் ரகங்களில் ஒன்றானது.

ஆறாயிரத்தில் ஒன்று என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மாதிரி சோதித்துவிட்டு ‘எதிர்ப்பே இல்லை’ என்று எழுதும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 2: உறவு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்

1971-இல் ஹார்லன், டி வெட் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் முன்வைத்த மூன்று மரபணுக் குளங்கள் என்ற பகுப்பு இன்றும் கைகொடுக்கிறது. முதல் குளத்தில் இருப்பவை பயிரோடு தடையின்றிக் கலக்கும். சந்ததியும் வளமாக இருக்கும். இரண்டாவதில் கலக்கும், ஆனால் மலட்டுத்தன்மை தொல்லை கொடுக்கும். மூன்றாவதில் கரு பிழைப்பதே ஆய்வகத்தின் தயவால்தான்.

நெல்லில் இதைச் சொல்வது சுலபம். பயிர் நெல் ஏஏ மரபணுத் தொகுதியைச் சேர்ந்தது (இந்த எழுத்துகள் குரோமோசோம் தொகுதியின் வகையைக் குறிப்பவை). நிவாரா, ரூஃபிபோகான், லாஞ்சிஸ்டாமினேட்டா, பார்த்தி ஆகியவையும் ஏஏதான். அவற்றோடு நேரடியாகக் கலக்கலாம். பிபிசிசி தொகுதியைக் கொண்ட ஒரைசா மைனூட்டா, இஇ தொகுதியைக் கொண்ட ஒரைசா ஆஸ்திரேலியன்சிஸ் போன்றவற்றுக்குக் கரு மீட்பு, அதாவது கருவை வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பது, வேண்டும். குலைநோய்க்கு எதிரான பிஐ9 மரபணு மைனூட்டாவிலிருந்துதான் வந்தது; ஆகவே தூரம் என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை, விலை தெரிந்து இறங்க வேண்டும். வாற்கோதுமைக்கு இரண்டாம் குளத்தில் ஹார்டியம் பல்போசம் என்ற ஒரே ஓர் இனம்தான் இருக்கிறது. ரொட்டிக் கோதுமையோ அறுமடியம் (ஆறு குரோமோசோம் தொகுதிகள் கொண்டது), அதன் டி தொகுதியே ஏஜிலாப்ஸ் டவுஷி என்ற காட்டுப் புல்லிடமிருந்து வந்தது. அதனால் கோதுமைக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், தொல்லையும் அதிகம்.

மக்காச்சோளத்தின் உறவான ஜியா டிப்ளோபெரன்னிஸ் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் சியரா டி மனாந்த்லான் மலைப்பகுதியில் மட்டும் வளர்கிறது. 1979-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. பல வைரஸ்களைத் தாங்கும், மக்காச்சோளத்தோடும் கலக்கும். ஒரு மலைச்சரிவை அழித்திருந்தால் போயிருக்கும். 1987-இல் அந்த இடம் உயிர்க்கோளக் காப்பகமானது.

இந்தப் படிக்கு ஒரே விதி: ஒரே நோய்க்குப் பக்கத்து உறவிலும் தூரத்து உறவிலும் எதிர்ப்பு இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தை எடுங்கள்.

படி 3: விதையை முறையாக வாங்குங்கள்

உலகின் பெரிய மரபணு வங்கிகளின் இருப்பை ஜெனிசிஸ் என்ற இணையத் தளத்தில் ஒரே இடத்தில் தேடலாம். 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின்படி, அதன் பட்டியலில் உள்ள பயிர்களின் விதை ஒரு பொதுவான பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கிடைக்கும். பட்டியலில் இல்லாதவற்றுக்கும், நேரடியாகக் காட்டில் சேகரிப்பதற்கும் மரபு வளங்களின் பயனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறையும் அந்தந்த நாட்டுச் சட்டமும் பொருந்தும். தாவரத் தனிமைச் சோதனையைத் தாண்டாமல் விதையைக் கொண்டுவராதீர்கள். நோயைத் தடுக்கப் போய்ப் புது நோயை இறக்குமதி செய்த கதை ஆகிவிடும்.

எதைக் கேட்பது என்பதில்தான் சாமர்த்தியம். சேகரித்த இடத்தின் விவரம் உள்ள மாதிரிகளையே கேளுங்கள். நோய்க்கிருமியும் செடியும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்த, ஈரமும் வெப்பமும் அந்த நோய்க்குத் தோதான இடங்களிலிருந்து வந்தவற்றை முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ள வங்கி எண்ணைக் கடைசிவரை சுமந்து செல்லுங்கள். ‘காட்டு நெல் 3’ என்று நீங்கள் வைக்கும் செல்லப்பெயர் ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது.

படி 4: முளைக்க வையுங்கள், உயிரோடு வையுங்கள்

காட்டு நெல் விதையை 50 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஐந்து நாளாவது வைத்தால் உறக்கம் கலையும். உமியை நீக்கி ஈரத்தாளில் முளைக்கவிட்டால் இன்னும் நிச்சயம். பூத்து முடிந்ததும் ஒவ்வொரு கதிருக்கும் பை கட்டிவிடுங்கள். முதல் பத்தியில் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். ஏஜிலாப்ஸ் இனங்களில் பல குளிர் கிடைக்காமல் பூக்காது. நாற்றை நான்கு டிகிரி அளவில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்தெடுக்க வேண்டும்.

லாஞ்சிஸ்டாமினேட்டா போன்றவை அயல் மகரந்தத்தால் காய்ப்பவை. ஒரு பொட்டலத்தில் இரண்டு விதை ஒன்றுபோல் இருக்காது. அவற்றை வேர்த்தண்டில் பிரித்து நட்டு, ஒவ்வொரு செடியையும் தனி ஆளாக எண்ணிட்டு வளருங்கள். பெயர் மாறிய பொட்டலங்களும் வங்கிகளிலிருந்து வருவதுண்டு. குரோமோசோம் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: ஏஏ நெல்லுக்கு 24, மைனூட்டாவுக்கு 48.

படி 5: நோயைக் கொடுத்துச் சோதியுங்கள்

வயலில் நோய் தானாக வரும் என்று விட்டால், தப்பித்த செடியும் எதிர்த்த செடியும் ஒன்றாகவே தெரியும். கிருமியை நீங்களே கொடுக்க வேண்டும்.

நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு 1973-இல் காஃப்மன் குழுவினர் விளக்கிய கத்தரிக்கோல் முறையை மிஞ்ச இன்றும் ஒன்றில்லை. இரண்டு மூன்று நாள் வளர்த்த பாக்டீரியாவை நீரில் கரைத்து, ஒரு மில்லிக்கு 10 கோடி முதல் 100 கோடி செல்கள் வரை இருக்குமாறு கலங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். கத்தரியை அதில் முக்கி, முழுதாக விரிந்த இலையின் நுனியில் இரண்டு மூன்று செ.மீ.யை வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். 14-ஆம் நாள் அளவுகோலோடு போங்கள். எளிதில் பற்றும் ரகத்தில் வெட்டிலிருந்து வைக்கோல் நிறக் கருகல், ஓரம் அலையலையாக, இலையின் பாதிவரை இறங்கியிருக்கும். எதிர்ப்புள்ள செடியில் வெட்டுக்குக் கீழே ஒன்றிரண்டு செ.மீ.யில் கோடு கிழித்தாற்போல் நின்றிருக்கும். பக்கத்தில் எளிதில் பற்றும் ரகத்தை எப்போதும் நட்டு வையுங்கள். அதில் நோய் வரவில்லை என்றால் அன்றைய சோதனை மொத்தமும் செல்லாது. எத்தனை அழகான பச்சைச் செடி நின்றாலும் குறிக்காதீர்கள்.

கோதுமைத் துருவுக்கு வித்துகளை மெல்லிய கனிம எண்ணெயில் கலந்து நாற்றின் இலையில் தெளித்து, ஓர் இரவு முழுதும் பனி படிந்த அறையில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடலாம். மிகச்சிறு கருகற்புள்ளிக்கு மதிப்பெண்ணாக ஓர் அரைப்புள்ளியையே குறியாகப் போடுவார்கள். நோட்டில் அரைப்புள்ளி விழும் நாள் நல்ல நாள். 3, 4 என்றால் நோய் தாராளமாகப் பற்றியிருக்கிறது.

இங்கே ஏமாற்றும் இடங்கள் மூன்று. முதலாவது, செடியின் வயது. மாலியிலிருந்து வந்த லாஞ்சிஸ்டாமினேட்டாவிலிருந்து கிடைத்த புகழ்பெற்ற எக்ஸ்ஏ21 என்ற இலைக்கருகல் எதிர்ப்பு மரபணு நாற்றில் பலவீனமாகவும் வளர்ந்த செடியில் முழுவீச்சிலும் வேலை செய்கிறது. நாற்றிலேயே கழித்திருந்தால் அந்த மரபணு குப்பைக்குப் போயிருக்கும். கோதுமையின் துரு எதிர்ப்பு மரபணுக்களான எஸ்ஆர்2, எல்ஆர்34 ஆகியவையும் வளர்ந்த செடியில்தான் தெரியும். இரண்டாவது, கிருமியின் வகை. ஒரே ஒரு வகையைக் கொடுத்துச் சோதித்தால் அந்த வகைக்கான விடைதான் கிடைக்கும். உங்கள் பகுதியில் உலவும் வகைகள் அத்தனையையும் தனித்தனியே கொடுங்கள், கலந்து கொடுக்காதீர்கள். மூன்றாவது, பொட்டலத்துக்குள் இருக்கும் கலப்பு. ஒரே எண்ணில் பாதிச் செடி எதிர்க்கும், பாதி விழும். சராசரி எடுத்து ‘மிதமான எதிர்ப்பு’ என்று எழுதாமல், எதிர்த்த செடியைத் தனியே எடுத்து அதன் விதையிலிருந்து புது வரிசை (ஒரே செடியின் வழிவந்த சந்ததி) தொடங்குங்கள்.

படி 6: புதியதா, பழையதா?

எதிர்ப்புச் செடியை எளிதில் பற்றும் ரகத்தோடு கலந்து, இரண்டாம் தலைமுறையில் எண்ணுங்கள். மூன்றுக்கு ஒன்று என்று பிரிந்தால் ஒரே ஓங்கு மரபணு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது). பிறகு, ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களின் மார்க்கர்களை (மரபணு இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களை) ஓட்டிப் பாருங்கள். மூன்று வருடம் உழைத்து ஏற்கெனவே பெயர் வைத்த மரபணுவையே மறுபடி கண்டுபிடிப்பது இந்தத் துறையில் வெட்கத்துக்குரிய விஷயமல்ல, ஆனால் செலவு அதிகம். எதிர்ப்பு மரபணுக் குடும்பத்தை மட்டும் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தும் முறைகள் வந்த பிறகு இந்தக் கட்டம் வேகமாகியிருக்கிறது. 2013-இல் ஒரே சமயத்தில் தண்டுத் துருவுக்கு எதிரான இரண்டு மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன: ஏஜிலாப்ஸ் டவுஷியிலிருந்து வந்த எஸ்ஆர்33, ஒற்றைமணிக் கோதுமையிலிருந்து வந்த எஸ்ஆர்35. முதலாவது ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சாம்பசிவம் பெரியண்ணன்.

படி 7: கலப்பு

பயிரைத் தாயாக வையுங்கள். காட்டு இனத்தைத் தாயாக்கினால் அதன் சைட்டோபிளாசமும் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) வந்து ஒட்டிக்கொண்டு, பிறகு ஆண் மலட்டுத்தன்மை முதலான வம்புகளைக் கிளப்பும்.

கோதுமையில் ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப்பைகள் இருக்கும். பச்சையாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மஞ்சளாகிவிட்டால் தாமதம். இரண்டு மூன்று நாளில் சூல்முடி இறகுபோல் விரியும். அப்போது மகரந்தம் தூவ வேண்டும். நெல்லில் மகரந்தப்பை ஆறு. பூ திறக்கும் நேரம் குறுகியது என்பதால் முந்தைய மாலையிலோ விடியலிலோ ஆண்மை நீக்கத்தை முடித்துவிட்டு, வெயில் ஏறி அப்பா செடி பூக்கும்போது தயாராக நிற்க வேண்டும். காட்டு நெல் பயிருக்கு முந்தியே பூக்கும் என்றால் அன்றைக்கு வேலை கெட்டது. அதனால் அப்பா செடியைப் பத்து நாள் இடைவெளியில் நான்கு தடவை விதைத்து வையுங்கள்.

தூரத்து உறவோடு கலந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். முதல் வாரம் சூலகம் அழகாகப் பருக்கும். விதை பிடித்துவிட்டது என்று மகிழ்வோம். பத்தாம் நாள் அழுத்திப் பார்த்தால் உள்ளே பாலுக்குப் பதில் தெளிந்த தண்ணீர். கருவூண் திசு உருவாகவில்லை, கரு பட்டினி கிடக்கிறது. 10 முதல் 14 நாளுக்குள் அதை எடுத்துவிட வேண்டும். நுண்ணோக்கியின் அடியில் விதையின் அடிப்பக்கத்தை ஊசியால் கீறினால், உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைப் பொட்டு நழுவி வரும். அதைச் சர்க்கரை சேர்த்த ஊட்டக்கூழில், தட்டையான பக்கம் கீழே படுமாறு வைத்து, இருட்டில் விட வேண்டும். பச்சை தெரியும்வரை திறந்து பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். நூற்றில் நான்கைந்து பிழைத்தால் போதும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நேரடியாகக் கலக்கவே மறுத்தால் பாலம் போடலாம். மிசூரியில் எர்னி சியர்ஸ் 1956-இல் வெளியிட்ட வேலை இதற்கு இலக்கணம். ஏஜிலாப்ஸ் அம்பெல்லுலாட்டா என்ற புல்லின் இலைத்துரு எதிர்ப்பு அவருக்கு வேண்டியிருந்தது. ரொட்டிக் கோதுமையோடு அது நேராக ஒத்துப்போகவில்லை. முதலில் காட்டு எம்மர் கோதுமையோடு கலந்தார், கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார், அப்படிக் கிடைத்த செடியை ரொட்டிக் கோதுமையோடு கலந்தார். பிறகு எக்ஸ் கதிர் பாய்ச்சி, புல்லின் குரோமோசோம் துண்டு கோதுமைக் குரோமோசோமில் ஒட்டுமாறு செய்தார். எல்ஆர்9 என்ற அந்த மரபணு அப்படி வந்ததுதான். டி தொகுதியிலிருந்து மரபணு வேண்டும் என்றால் இத்தனை கஷ்டம் இல்லை: டூரம் கோதுமையை ஏஜிலாப்ஸ் டவுஷியோடு கலந்து இரட்டிப்பாக்கினால் செயற்கை அறுமடியக் கோதுமை கிடைக்கும். மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் இப்படி நூற்றுக்கணக்கான வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. அவற்றை ரொட்டிக் கோதுமையோடு நேரடியாகக் கலக்கலாம்.

படி 8: துண்டை நறுக்குங்கள்

பாடப்புத்தகக் கணக்கு இது: ஒவ்வொரு பின்கலப்பிலும் காட்டு இனத்தின் பங்கு பாதியாகும். முதல் பின்கலப்பில் பயிரின் பங்கு 75 விழுக்காடு, மூன்றாவதில் 93.75, ஆறாவதில் 99-ஐத் தாண்டும். பார்த்தால் நிம்மதியாக இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மரபணுவைச் சுற்றி இந்தக் கணக்கு வேகாது. அந்த இடத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் நீங்களே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதோடு ஒட்டியதும் கூடவே வரும். மார்க்கர் இல்லாமல் ஆறு பின்கலப்பு செய்தால், மரபணுவின் இருபுறமும் சேர்த்துச் சராசரியாகச் சுமார் 30 சென்டிமார்கன் துண்டு மிஞ்சும் (சென்டிமார்கன் குரோமோசோமில் தூரத்தின் அளவு; சோடி சேர்ந்த குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் வெட்டு, ஒரு சென்டிமார்கனுக்குள் நூற்றில் ஒரு தடவை விழும்). நெல்லின் மொத்த வரைபடமே சுமார் 1,500 சென்டிமார்கன்தான். அந்த முப்பதுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். உதிர்வும் உயரமும் தாமதப் பூப்பும் அவற்றுள் ஒளிந்திருக்கலாம். தானியம் அல்ல என்றாலும் தக்காளியில் 1989-இல் யங்கும் டாங்க்ஸ்லியும் அளந்து காட்டியது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: 11 முறை பின்கலப்பு செய்த ஒரு ரகத்தில்கூட, வைரஸ் எதிர்ப்பு மரபணு இருந்த குரோமோசோமின் கை முழுதும் காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது.

இந்த ஒட்டுச்சுமை வயலிலும் உலையிலும் எப்படித் தெரியும்? தினோபைரம் பொன்டிகம் என்ற உயரப் புல்லிலிருந்து கோதுமைக்கு வந்த எல்ஆர்19 துரு எதிர்ப்போடு மாவை மஞ்சளாக்கும் மரபணுவும் ஒட்டி வந்தது. துரு இல்லை, ஆனால் மாவு மஞ்சள், ஆலைக்காரர் வாங்கமாட்டார். கடைசியில் நாட் என்ற கனடிய ஆய்வாளர் திடீர்மாற்றத்தால் அந்த மஞ்சள் மரபணுவைக் குலைத்து, வெள்ளை மாவு வரும் வரிசைகளை 1980-இல் எடுத்தார். ரை தானியத்திலிருந்து வந்த 1ஆர் குரோமோசோம் துண்டும் இப்படித்தான்: எஸ்ஆர்31 உள்படப் பல எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாகக் கொண்டுவந்தது, கூடவே பிசுபிசுக்கும் மாவையும் கொண்டுவந்தது.

ஆகவே மார்க்கர் வேண்டும். மரபணுவின் மேல் ஒன்று, இருபுறமும் நெருக்கமாக ஒவ்வொன்று. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு புறம் ஒரு சென்டிமார்கனுக்குள் வெட்டு விழுந்த செடி, மரபணு உள்ள செடிகளில் நூற்றுக்கு ஒன்று. 95 விழுக்காடு நிச்சயத்தோடு ஒன்றாவது கிடைக்க 300 செடி தேவை. பின்கலப்பு விதையில் பாதியில்தான் மரபணு இருக்கும் என்பதால் 600 விதை ஊன்ற வேண்டும். இருபுறமும் ஒரே தலைமுறையில் வேண்டும் என்று பேராசைப்பட்டால் பத்தாயிரத்தில் ஒன்று. அதனால் முதல் பின்கலப்பில் ஒரு புறம், அடுத்ததில் மறுபுறம் என்று இரண்டு தடவையாக வெட்டுங்கள். 20 செடிகளோடு ஆறு தலைமுறை ஓட்டுவதைவிட, 600 செடிகளோடு மூன்று தலைமுறை ஓட்டுவது மேல். இதை எத்தனை தடவை சொன்னாலும், பாத்தியில் இடமில்லை என்று பதில் வருகிறது. கோதுமை, வாற்கோதுமையில் தினம் 22 மணி நேர வெளிச்சம் கொடுத்து வருடத்துக்கு ஆறு தலைமுறைவரை எடுக்கும் முறை 2018 முதல் பரவலாகியிருக்கிறது. தலைமுறைக்குத் தவம் கிடந்த காலம் போய்விட்டது.

மரபணு ஒடுங்கியதாக (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவதாக) இருந்தால் பின்கலப்புச் செடிகளில் அது வெளியே தெரியாது. எக்ஸ்ஏ13 அப்படிப்பட்டது. மார்க்கர் இல்லாவிட்டால் ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் ஒரு தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, சோதித்து, பிறகுதான் முன்னேற முடியும்.

கோதுமையில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. தூரத்து உறவின் குரோமோசோமும் கோதுமையின் குரோமோசோமும் சோடி சேராமல் தடுக்கும் பிஎச்1 மரபணு 5பி குரோமோசோமின் நீண்ட கையில் உட்கார்ந்திருக்கிறது. 1958-இல் அது தெரியவந்தது. சோடி சேராவிட்டால் வெட்டு விழாது. வெட்டு விழாவிட்டால் துண்டு சிறுக்காது. 1977-இல் சியர்ஸ் அந்த இடம் நீங்கிய பிஎச்1பி என்ற வரிசையைக் கொடுத்தார். அதை ஒரு பெற்றோராக வைத்து, இரண்டு மூன்று தலைமுறை சோடி சேரவிட்டு, சிறிய துண்டு கிடைத்ததும் பழையபடி பூட்டிவிட வேண்டும். பூட்ட மறந்தால் குரோமோசோம்கள் தலைமுறை தலைமுறையாகக் குழம்பிக்கொண்டே போகும். ஒளிரும் சாயம் ஏற்றி அயல் குரோமோசோமை மட்டும் நிறத்தில் காட்டும் முறை இங்கே கண் போன்றது: பச்சை நிறத் துண்டு குட்டையாகிக் குட்டையாகி நுனியில் ஒரு பொட்டாக நிற்பதைப் பார்க்கும் நாளுக்காகத்தான் இத்தனையும்.

படி 9: மகசூலில் விலை கொடுத்தீர்களா?

மரபணு உள்ள வரிசை, இல்லாத சகோதர வரிசை, மூல ரகம் மூன்றையும் நோயே இல்லாத வயலில் பக்கம் பக்கமாக நடுங்கள். நோய் உள்ள வயலில் எதிர்ப்புள்ளது ஜெயிக்கத்தான் செய்யும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நோய் இல்லாதபோது எவ்வளவு தோற்கிறது என்பதே கேள்வி. குறைந்தது இரண்டு பருவம், இரண்டு இடம். தோற்றால் படி 8-க்குத் திரும்புங்கள்.

படி 10: தனியே அனுப்பாதீர்கள்

எஸ்ஆர்31 பல பத்தாண்டு காலம் தண்டுத் துருவை உலகெங்கும் அடக்கி வைத்திருந்தது. 1998-இல் உகாண்டாவில் அதை முறியடிக்கும் வகை தென்பட்டது. யூஜி99 என்று பெயர் பெற்றது. ஒரே மரபணுவை நம்பி நின்ற பல நாட்டு ரகங்கள் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றன. எந்த ஒற்றை மரபணுவுக்கும் இந்த விதி காத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குவதே தற்காப்பு. 2008-இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரியில் எக்ஸ்ஏ21-உடன் எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. காட்டு நெல்லின் மரபணு ஒன்று, பயிர் நெல்லின் மரபணு இரண்டு. அடுக்கும்போது மார்க்கர் இல்லாமல் முடியாது. முதல் மரபணுவே நோயைத் தடுத்துவிட்டால் இரண்டாவது இருக்கிறதா என்று கத்தரிக்கோலுக்குத் தெரியாது. கோதுமையில் எல்ஆர்34 போல நோயை முழுதாக நிறுத்தாமல் மெதுவாக்கும் மரபணு ஒன்றை அடித்தளமாக வைத்து, அதன்மேல் காட்டு இன மரபணுவை ஏற்றுவது என் விருப்பம். இன்னொன்று: அடுக்கில் வைத்த மரபணுவைத் தனியாகவும் இன்னொரு ரகத்தில் வெளியிடாதீர்கள். கிருமிக்கு அது படிக்கட்டு. ஒவ்வொன்றாக ஏறி வந்துவிடும்.

படி 11: பொட்டலத்தில் என்ன எழுதுவது

ரகம் வெளியானதும் இடைநிலை வரிசைகளைத் தூக்கிப் போடும் பழக்கம் எங்கும் உண்டு. குளிர்ப்பெட்டியில் இடமில்லை என்பார்கள். போடாதீர்கள். ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற புல்லிலிருந்து விபிஎம்1 என்ற கோதுமை வரிசை வழியாக 2என்எஸ் என்ற துண்டு கோதுமைக்குள் வந்தது. துரு எதிர்ப்புக்காகப் பல ரகங்களுக்குள் போனது. கோதுமைக் குலைநோய் 1985-இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகத் தென்பட்டது. 2016-இல் வங்கதேசத்தை எட்டியது. அதற்கு எதிராகத் தேடியபோது அதிகம் கைகொடுத்தது வேறு நோய்க்காகக் கொண்டுவந்த இந்த 2என்எஸ் துண்டுதான். துண்டை ரொம்பவும் நறுக்கியிருந்தால் இது கிடைத்திருக்குமா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். படி 8-இல் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் நீளத் துண்டு உள்ள இரண்டாம் பின்கலப்பு வரிசையிலிருந்தும் ஒரு கைப்பிடி விதை எடுத்து வைக்கிறேன்.

பொட்டலத்தின் மேல் வங்கி எண், எத்தனையாவது பின்கலப்பு, எந்தக் குரோமோசோமில் எந்த மார்க்கரிலிருந்து எந்த மார்க்கர் வரை துண்டு, எந்தக் கிருமி வகைகளுக்குச் சோதித்தது, எந்த வருடம். பென்சிலால் எழுதுங்கள், குளிர்ப்பெட்டியில் பேனா மை அழிந்துவிடும்.